நகம் சொல்லும் கணக்கு

உங்கள் கட்டைவிரல் நகத்தை இன்னொரு கையால் இறுக்கி அழுத்துங்கள். ஐந்து எண்ணிவிட்டுக் கையை எடுங்கள். வெளுத்துப் போன நகம், "ஒண்ணு, ரெண்டு" சொல்வதற்குள் பழையபடி சிவந்துவிட்டதா? விரட்டிய ரத்தம் திரும்பி வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் ஐம்பது பேர் ஒரே இடத்தில் அடிபட்டுக் கிடக்கும்போது, முதல் ஆம்புலன்ஸில் யாரை ஏற்றுவது என்று முடிவு செய்ய இந்த நகமும் உதவுகிறது.

மாம்பழ சீசனில் தேவதானம், ராஜபாளையம் பக்கம் போனால் பழங்களைத் தரம் பிரிப்பதைப் பார்க்கலாம். சப்பட்டை ஒரு குவியல், பஞ்சவர்ணம் ஒரு குவியல், அடிபட்டதெல்லாம் ஓரமாக. மருத்துவத்திலும் இந்த வேலை உண்டு. அதன் பெயர் டிரையாஜ். பிரெஞ்சுச் சொல். கம்பளியையும் காப்பிக்கொட்டையையும் தரம் பிரிப்பதற்கு வைத்திருந்த பெயரை மருத்துவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு வித்தியாசம்: மாம்பழத்தில் நல்லதுக்குத்தான் முதல் மரியாதை, இங்கே அதிகம் நசுங்கியவருக்கு. நெப்போலியன் படையில் இருந்த லாரே என்ற மருத்துவர் இப்படித்தான் செய்தார். தளபதியா சிப்பாயா என்று அவர் பார்க்கவில்லை, காயத்தைத்தான் பார்த்தார்.

சரி, தேவதானம் கோயில் திடலில் ஓர் ஒத்திகை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி அண்ணன்களும் அக்காக்களும் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு அங்கங்கே படுத்துக் கிடக்கிறார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டை. 'மூச்சு 36, நகம் 4 விநாடி' என்பதுபோல அதில் எழுதியிருக்கிறது. 108 ஆம்புலன்ஸ் வருகிறது. ஓட்டுநரை 'பைலட்' என்றுதான் அங்கே சொல்வார்கள். அவர் வண்டியைத் திருப்பி, முகப்பு சாலையைப் பார்க்கும்படி நிறுத்துகிறார். கிளம்பும்போது ரிவர்ஸ் எடுக்கும் நேரம் மிச்சம்.

மருத்துவ உதவியாளர் யாரையும் தொடவில்லை. முதலில் ஒரு சத்தம் போடுகிறார்: "நடக்க முடியிறவங்க எல்லாரும் அந்த வேப்பமரத்தடிக்கு வந்துருங்க!"

ஒரே வார்த்தையில் பாதிக் கூட்டம் பிரிந்துவிட்டது. எழுந்து நடந்தவர்களுக்குப் பச்சை அட்டை. மிச்சம் இருப்பவர்களிடம் மூன்றே கேள்விகள். நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு வாங்குகிறதா? நகம் சிவக்க 2 விநாடிக்கு மேல் ஆகிறதா? "கையை மடக்குங்க" என்றால் மடக்க முடியவில்லையா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் சிவப்பு அட்டை. இல்லாவிட்டால் மஞ்சள், அவர் கொஞ்சம் காத்திருக்கலாம். மூச்சே இல்லாவிட்டால் தலையைச் சற்றே நிமிர்த்தி மூச்சுப்பாதையைத் திறந்து பார்க்கிறார். அப்போதும் வரவில்லையென்றால் கறுப்பு அட்டை. ஓர் ஆளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. நடுவில் செய்ய அனுமதி உள்ள வைத்தியம் இரண்டுதான்: மூச்சுப்பாதையைத் திறப்பது, பீறிடும் ரத்தத்தை நிறுத்துவது. 1983-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு மருத்துவமனையும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து உருவாக்கிய முறை இது. சின்னப் பிள்ளைகள் சும்மாவே வேகமாக மூச்சு விடுவார்கள் என்பதால், அவர்களுக்கு 30-ஐ 45 ஆக்கி வேறொரு கணக்கு பிறகு வந்தது.

கவனித்தீர்களா, யார் அதிகமாகக் கத்துகிறார் என்ற கேள்வியே இல்லை. கத்துவதற்கு நல்ல மூச்சு வேண்டும்! சத்தமே போடாமல் வெளிறிக் கிடப்பவரைப் பார்த்துத்தான் அந்த உதவியாளர் வேகமாக நடப்பார்.

நகத்துக்கு எப்படி இவ்வளவு தெரிகிறது? உங்கள் எடை 30 கிலோ என்றால், உடம்பில் ஓடுவது இரண்டு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான ரத்தம். அது குறையத் தொடங்கினால், உடம்பு தானாகவே தரம் பிரிக்க ஆரம்பிக்கும். மூளை, இதயம் முதலில். தோல், விரல் நுனி எல்லாம் கடைசியில். கைகால்களுக்குப் போகும் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் சுருங்கி, அந்தப் பக்கம் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடுகின்றன. கை சில்லிடுகிறது, நகம் சிவக்க நேரமாகிறது. வெளியே உதவியாளர் செய்கிற வேலையை உள்ளே உடம்பு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

வண்டி போய்ச் சேரும் இடத்திலும் இதே நிறங்கள்தான். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பகுதிகள் உண்டு. ஒரு சிக்கல், பச்சைக்காரர்கள் ஆட்டோவிலும் பைக்கிலும் ஏறி முந்திப் போய் ராஜபாளையம் மருத்துவமனையை நிரப்பிவிடக்கூடும். அதனால் யாரை ராஜபாளையத்துக்கு, யாரை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, யாரை 80 கிலோமீட்டருக்கும் அப்பால் மதுரைக்கு அனுப்புவது என்பதையும் ஒத்திகையிலேயே பழகிக்கொள்கிறார்கள்.

இன்னொரு பழக்கம் பார்க்கிறவர்களுக்குக் கோபமூட்டும். ஆம்புலன்ஸ் சில நேரம் தூரத்திலேயே நின்றுவிடும். ஏன்? 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் தீப்பிடித்தது. காப்பாற்றவும் வேடிக்கை பார்க்கவும் பக்கத்து ஊர்க்காரர்கள் ஓடிவந்தார்கள். அடுத்து வந்த பெரிய வெடிப்பு அவர்களில் பலரைக் கொண்டுபோனது. இறந்தவர்கள் 30-க்கும் மேல். 1998 பிப்ரவரி 14 அன்று கோயம்புத்தூரில் குண்டுகள் ஒரே இடத்தில் வெடிக்கவில்லை. ஊரின் பல பக்கங்களில் அடுத்தடுத்து வெடித்தன. பட்டாசோ குண்டோ, முதல் சத்தத்துக்குப் பின் இரண்டாவது வரலாம். தீயணைப்பு வீரரோ காவலரோ 'வரலாம்' என்று சொன்ன பிறகுதான் உதவியாளர் உள்ளே போவார். அவரும் விழுந்துவிட்டால் அட்டை எழுத ஆளில்லையே.

நகச் சோதனையை முழுக்க நம்பிவிடவும் கூடாது. அடுத்த முறை பெரியவர்களோடு சாஸ்தா கோயில் பக்கம் போய் ஆற்றில் நன்றாகக் குளித்துவிட்டு, நடுங்கிக்கொண்டே நகத்தை அழுத்திப் பாருங்கள். மூன்று, நான்கு விநாடிகூட ஆகலாம். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. குளிருக்கும் உடம்பு அதே ரத்தக்குழாய்களைத்தான் சுருக்குகிறது. இருட்டிலோ நிறமே தெரியாது. அதனால்தான் பல குழுவினர் இப்போது நகத்தை விட்டுவிட்டு மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்க்கிறார்கள்.