நிலம் கொடுத்து வாங்கிய வீரம்

உழவும் அவர்களே, காவலும் அவர்களே, போரும் அவர்களே. சித்தூர் பாளையங்களின் 'கட்டுபடி' வீரர்களுக்கு வரலாறு ஒரு அத்தியாயம்கூட ஒதுக்கவில்லை.

காட்பாடியிலிருந்து திருப்பதிக்குப் போகும் ரயில் சித்தூரைத் தாண்டி பாகாலா சந்திப்பில் நிற்கிறது. ஏழுமலையானைக் காணும் அவசரத்தில் இருப்பவர்களுக்கு அது காபி குடிக்க ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பெயர் ஆங்கிலேயக் கலெக்டரின் தூக்கத்தைக் கெடுத்தது. பாகாலா, நரகண்டி, கல்லூர், புலிச்செர்லா, மொகராலா, பங்காரி என்று சித்தூரைச் சுற்றிலும் மலையும் புதர்க்காடும் சூழ்ந்த பாளையங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் படை இருந்தது.

படை என்றதும் சீருடையும் அணிவகுப்பும் நினைவுக்கு வரக்கூடாது. பாளையக்காரர் தன் வீரருக்கு மாதச் சம்பளம் தரவில்லை. கொஞ்சம் நிலம் தந்தார். அதற்கு மிகக் குறைந்த, நிலையான வரி. பதிலுக்கு, அழைத்த நேரத்தில் ஈட்டியோ வாளோ நாட்டுத் துப்பாக்கியோ எடுத்துக்கொண்டு வர வேண்டும். தெலுங்கு நாட்டில் இவர்களுக்குக் கட்டுபடி என்று பெயர். மழைக்காலத்தில் ஏர், மற்ற நாளில் ஊர்க்காவல், தேவைப்பட்டால் யுத்தம்.

உழுகிறவனே போர்வீரனாகவும் இருக்கும் ஏற்பாட்டை ஐரோப்பாவும் பிறகு தேடிப் போனது. நெப்போலியனிடம் தோற்று, 42,000 பேருக்கு மேல் படை வைக்கக்கூடாது என்று கட்டுப்படுத்தப்பட்ட பிரஷ்யா, 1813 மார்ச்சில் 'லாண்ட்வேர்' என்ற குடிப்படையைத் திரட்டியது. 17 முதல் 40 வயது வரையிலான குடியானவர்களும் கைவினைஞர்களும் சேர்க்கப்பட்டார்கள். துப்பாக்கி போதாததால் பலர் ஈட்டியோடு புறப்பட்டார்கள். அந்தப் படை பின்னாளில் ரெஜிமெண்டுகளாக வளர்ந்தது. முதல் உலகப் போர் முடிந்ததும் அவற்றில் பலவற்றுக்குத் தனித்தனியே வரலாறு எழுதி அச்சிட்டார்கள்.

சித்தூரில் நடந்தது நேர் எதிர். பிரஷ்யா தன் மக்கள் கையில் ஆயுதத்தைக் கொடுத்ததற்குச் சில ஆண்டுகள் முன்புதான், கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே அதைப் பிடுங்கி முடித்திருந்தது.

இந்த வீரர்களின் மதிப்பு கணவாய்களில் இருந்தது. மேலேயுள்ள பீடபூமியிலிருந்து ஆற்காட்டுச் சமவெளிக்கு இறங்கும் வழிகள் இந்தப் பாளையங்களை ஒட்டியே சென்றன. 1740 மே மாதம் பாகாலாவுக்கு அருகே தாமலசெருவுக் கணவாயில் மராட்டியப் படை இறங்கியபோது ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி அங்கேயே உயிரிழந்தார். கணவாய் கைவிட்டால் ராஜ்யம் கைவிடும் என்பது அன்று நிரூபணமானது.

திருப்பதிக்கும் காவல் தேவைப்பட்டது. பக்தர்களின் காணிக்கை படைகளைக் கவர்ந்திழுத்தது. 1753இல் நெல்லூரைப் பிடித்த முகமது கமால் அடுத்துத் திருப்பதிமேல் கண்வைத்தான். கம்பெனிப் படையிடம் சிக்கித் தலையை இழந்தான். கோயில் வருமானம் அப்போது நவாபின் கடனுக்காகக் கம்பெனிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கம்பெனி காத்தது கோயிலையா, தன் கடன் பாக்கியையா என்று கேட்டால் விடை எளிது.

1801 ஜூலை 31 அன்று கர்நாடக ஒப்பந்தம் கையெழுத்தானது. நவாபின் ஆட்சி கம்பெனியிடம் வந்தது. அதே டிசம்பரில், தெற்கே சிவகங்கைப் போர் ஓய்ந்ததும், ஆயுதங்களுக்குத் தடை விதித்து சென்னை கவர்னர் பிரகடனம் செய்தார். காளஹஸ்தி, வெங்கடகிரி, கார்வேட்நகரம் போன்ற பெரிய பாளையங்கள் 1802இல் வழிக்கு வந்தன. படை அனுப்பும் கடமை ரத்தானது. அதற்கு ஈடான தொகை பேஷ்குஷ் என்னும் கப்பத்தில் சேர்க்கப்பட்டது. வீரன் ரூபாயாக மாறினான்.

சித்தூரின் சிறிய பாளையங்கள் மசியவில்லை. கப்பம் உயர்ந்தது, காவல் உரிமை பறிபோனது. காவலுக்காகக் கிடைத்துவந்த கட்டணமும் அதோடு போனது. காவல் இல்லையென்றால் வீரன் எதற்கு? வீரன் வேண்டாம் என்றால் அவன் நிலம் எதற்கு? 1804இல் கலகம் வெடித்தது. கம்பெனிப் படைகள் காட்டுக்குள் புகுந்தன. 1805இல் எல்லாம் முடிந்தது.

அப்போது கலெக்டராக இருந்தவர் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன். திருமலைக் கோயிலின் நிர்வாகம், வரவு செலவு பற்றி 1803இல் விரிவான அறிக்கை தந்தவரும் இவர்தான். கோயிலில் எந்தப் பூஜைக்கு எவ்வளவு செலவு என்பது வரை அறிய முனைந்த அரசு, ஆயுதத்தைக் கீழே வைத்த கட்டுபடிகளின் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

பாளையக்காரர் குடும்பங்களில் சில பிழைத்தன. நரகண்டிப் பாளைய வாரிசு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. பாளையம் என்பது சிற்றரசு போன்றது, பங்கு பிரிக்க முடியாது என்று 1861இல் தீர்ப்பு வந்தது. படை கலைந்து அரை நூற்றாண்டு கழிந்தும், படைத்தலைவனின் அந்தஸ்து சட்டத்தில் உயிரோடு இருந்தது.

கட்டுபடிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வடக்கே கர்நூல் பகுதியில் உய்யாலவாடா நரசிம்ம ரெட்டி 1846இல் கிளர்ந்தெழுந்தபோது அவர் பின்னால் திரண்டவர்களில் மானிய நிலத்துக்கு ஆபத்து வந்த கட்டுபடிகள் இருந்தார்கள். 1847 பிப்ரவரியில் ரெட்டி தூக்கிலிடப்பட்டார். 1859இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் வந்தது. அதே காலத்தில் இனாம் கமிஷன் பழைய ஊழிய மானியங்களுக்கு வரி கட்டச் சொல்லி, ஊழியத்திலிருந்து விடுவித்தது. காவல்காரன் சாதாரண ரயத்து ஆனான்.

அவர்கள் மாசற்ற தியாகிகள் என்று சொல்ல முடியாது. காவல் கட்டணம் பல இடங்களில் மிரட்டல் பணமாக மாறியதும் உண்மை. ஆனால் கம்பெனிக் காகிதங்கள் அவர்களைக் கொள்ளையர் என்று ஒரே சொல்லில் அடக்கியது நியாயமல்ல. தங்கள் வயலுக்காகப் போரிட்டவர்கள் அவர்கள். குடிமக்களே பகுதிநேரப் படைவீரர் என்ற யோசனையும் சாகவில்லை. சுதந்திர இந்தியாவின் பிரதேச ராணுவத்தை 1949 அக்டோபர் 9 அன்று கவர்னர் ஜெனரல் ராஜாஜி தொடங்கிவைத்தார்.

தாமலசெருவு இன்று மாம்பழ மண்டிக்குப் பேர்போன ஊர். நவாப் விழுந்த அதே மே மாதத்தில் அங்கே மாங்காய் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். கணவாயைக் காத்தவர்களுக்கு அங்கே வேறு நினைவுச்சின்னம் தேட வேண்டியதில்லை. அவர்கள் எதற்காகச் சண்டையிட்டார்களோ, அந்த மண் இன்னமும் விளைந்துகொண்டிருக்கிறது.