காருக்கு எந்த எண்ணெய்?

இது ஆண்கள் சமாச்சாரம் என்று தாய்மார்கள் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நடுநிசியில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், தோட்டத்துச் செம்மண் பாதையைத் தாண்டிக் குளுவாங் மருத்துவமனையில் கொண்டு சேர்ப்பது வாசலில் நிற்கும் அந்தப் பழைய கார்தானே? எண்ணெய் வற்றி அதன் எஞ்சின் இறுகிப்போனால், 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் எத்தனை மாதச் சேமிப்பு அதற்கு ஈடாகும்?

நாம் 'மின்யாக் ஹித்தாம்' என்று சொல்லும் எஞ்சின் எண்ணெய்ப் போத்தலில் 10டபிள்யூ-40 என்பது போல் எண்கள் இருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. பனியே காணாத ஜொகூருக்கு அது எதற்கு என்பீர்கள். இரவெல்லாம் நின்ற காரை விடியற்காலையில் முடுக்கும்போது, அடியில் தேங்கிய எண்ணெய் மேலேறும் வரைதான் தேய்மானம் அதிகம். முதல் எண் சிறிதாக இருந்தால், ஆறிக் கிடக்கும் எண்ணெய் சீக்கிரம் ஓடும். பின்னால் உள்ள எண், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைக் காட்டும்.

'நம்மூர் வெயிலுக்குக் கெட்டி எண்ணெய்தான் நல்லது' என்று பலர் சொல்வார்கள். எல்லாக் காருக்கும் அது பொருந்தாது. அண்மைய மைவி போன்ற கார்களின் எஞ்சின், 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய எண்ணெய்க்கென்றே செய்யப்பட்டது. 1985இல் வந்த முதல் சாகா, 1994இல் வந்த கஞ்சில் போன்றவை எண்ணெய் குடிக்கத் தொடங்கியிருந்தால், காரோடு வந்த கையேடு இடங்கொடுக்கும் வரம்புக்குள் சற்றுக் கெட்டியானதை ஊற்றலாம். கையேடுதான் வைத்தியர் சீட்டு. பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வதெல்லாம் பிறகுதான்.

போத்தலில் ஏ.பி.ஐ. என்ற முத்திரையையும் பாருங்கள். அதில் 'எஸ்' என்று தொடங்கும் எழுத்துகள் பெட்ரோல் எஞ்சினுக்கு. 2020இல் வந்த 'எஸ்.பி.' பழைய கார்களுக்கும் ஆகும். 'சி' என்று தொடங்குபவை டீசலுக்கு. டிராக்டருக்கு வந்த எண்ணெயில் ஒரு போத்தலைக் காருக்குக் கொண்டுவருவோர் உண்டு. (அது யார் வீட்டு எண்ணெய் என்பது வேறு கேள்வி!) காரில் ஊற்றி மிஞ்சியதை மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுவதும் தவறு. அதன் கிளட்ச் எண்ணெயிலேயே ஊறிக் கிடப்பது. கார் எண்ணெய் பட்டால் வழுக்கலாம். அதற்கு 'ஜாசோ எம்.ஏ.' என்று குறித்த எண்ணெயே வேண்டும்.

வீட்டிலிருந்து ஆலைக்கு இரண்டு கிலோமீட்டர்தானே ஓடுகிறது, எண்ணெய் எப்படிக் கெடும் என்று எண்ணாதீர்கள். குறைந்த தூர ஓட்டத்தில் எஞ்சின் முழுச் சூடு ஏறாது. ஈரம் உள்ளேயே தங்கும். செம்மண் தூசியும் சேர்ந்தால், கையேட்டில் கடினமான ஓட்டத்துக்கென்று குறித்த தவணையிலேயே மாற்றவேண்டும். கிலோமீட்டரோ மாதமோ, எது முந்துகிறதோ அதுவே கணக்கு.

வாரம் ஒரு முறை, சமதரையில் காரை நிறுத்தி, எஞ்சின் சற்று ஆறியதும் அளவுக் கம்பியை இழுத்துத் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு இடையே நிற்கவேண்டும். மேல்கோட்டைத் தாண்டவும் கூடாது. எண்ணெய் கறுத்திருந்தால் மட்டும் பயமில்லை. பால் கோப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். காரை நகர்த்தாமல் பட்டறைக்காரரை அழையுங்கள்.

வடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். 2005ஆம் ஆண்டு விதிமுறைப்படி அது அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு. போத்தலில் அடைத்துப் பட்டறையில் கேட்டுப் பாருங்கள். பழைய எண்ணெயைச் சேர்த்து அனுப்பும் பட்டறைகள் வாங்கிக்கொள்ளும்.