பூஜ்யத்துக்குத் திரும்பாத முள்

காஞ்சிபுரத்து ராஜ வீதிகளில் இன்றும் எப்போதாவது ஒரு பழைய அம்பாஸடர் கார் கண்ணில் படுவதுண்டு. 1957 முதல் 2014 வரை நம் நாட்டில் தயாரான கார் அது. அத்தகைய பழைய கார் ஒன்று நிற்கும்போது அதன் வேகமானி முள் 10 கிலோமீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார்தான் ஓடவில்லையே, இதனால் என்ன கெடுதல் என்று விட்டுவிடலாமா? கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

கியர்பெட்டியிலிருந்து ஒரு கேபிள் வேகமானிக்கு வருகிறது. கார் ஓடும்போது அதன் நுனியிலுள்ள காந்தம் சுழல்கிறது. காந்தத்தைத் தொடாமல் சூழ்ந்து நிற்பது ஓர் அலுமினியக் கிண்ணம். அலுமினியத்தைக் காந்தம் இழுக்காதே என்கிறீர்களா? உண்மைதான். ஆனால் காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டங்கள் தோன்றுகின்றன. அவற்றால் கிண்ணமும் காந்தத்தோடு சேர்ந்து திரும்ப முயல்கிறது. மெல்லிய சுருள்வில் ஒன்று அதைத் தடுத்துப் பின்னோக்கி இழுக்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் கிண்ணத்தோடு இணைந்த முள் நிற்கிறது. ஜெர்மானியரான ஓட்டோ ஷூல்ட்ஸே 1902-இல் காப்புரிமை பெற்ற முறை இது.

இந்த விசைகள் மிகச் சிறியவை. ஆகவே முள்ளின் அச்சில் சிறிது பிசுக்கு ஏறினாலும் போதும், உராய்வு குறுக்கே நிற்கும். பழைய முள் தராசின் கத்திமுனையில் தூசு படிந்தால், பட்டு நூலைச் சிறிது கூட்டினாலும் முள் அசையாது அல்லவா? அதே கதைதான்.

காரை நிறுத்தியதும் முள் 10-இல் தங்குகிறது என்றால், 10 கிலோமீட்டர் வேகத்துக்குரிய விசையை உராய்வு தாங்குகிறது என்று பொருள். உராய்வு எப்போதும் இயக்கத்துக்கு எதிராகவே செயல்படும். எனவே வேகம் கூடும்போது முள் பின்தங்கும். கார் 60-ஐத் தொடும்போது முள் 50 என்று சொல்லும்! பிறகு வேகம் 40-க்கு இறங்கும்வரை முள் 50-ஐ விட்டு அசையாது. முள்ளை நம்பி வளைவில் திரும்பும் ஓட்டுநரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

குற்றம் உராய்வில்தானா என்று அறிய எளிய சோதனை உண்டு. கண்ணாடியை விரலால் மெல்லத் தட்டுங்கள். அதிர்வில் பிடிப்பு கணநேரம் தளரும்; முள் பூஜ்யத்துக்கு இறங்கினால் உராய்வே காரணம். இறங்காவிட்டால் சுருள்வில் தளர்ந்தோ வளைந்தோ இருக்கலாம்.

முள் ஒட்டிக்கொண்டால் எண்ணெய் விடுவதுதான் பலருக்கும் தோன்றும் வழி. பெரும்பாலும் நோய்க்குக் காரணமே அதுதான்! கேபிளில் அளவுக்கு மீறிப் பூசிய கிரீஸ், கேபிள் சுழலச் சுழல மேலேறி வேகமானிக்குள் புகுந்துவிடும். நாளடைவில் அது கெட்டிப்பட்டுப் பிசினாகிறது. ஆகவே கேபிளைக் கழற்றித் துடைத்து, மெல்லிய பூச்சாக மட்டும் கிரீஸ் தடவ வேண்டும். வேகமானியை ஒட்டிய மேல்நுனி உலர்ந்தே இருக்கட்டும். மானியின் உள்ளே பிசுக்கு ஏறியிருந்தால், கடிகாரம் பழுதுபார்ப்பவரைப் போன்ற கைப்பழக்கம் உள்ளவரே அச்சைத் துடைத்து, ஊசிமுனை அளவு கடிகார எண்ணெய் இட வேண்டும். முள்ளை விரலால் தள்ளக் கூடாது, சுருள்வில் கெட்டுவிடும்.

வோல்ட்மீட்டர், தராசு என எந்த முள்மானியைக் கையாண்டாலும், அளவெடுக்குமுன் அது பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு மெல்லத் தட்டியும் பாருங்கள்.