ஒரே கரி, இரண்டு அரசியலமைப்புகள்

நெய்வேலிக் கரியை வெட்டும் என்.எல்.சி. ஒன்றிய அரசின் நிறுவனம். நிலக்கரி அமைச்சகத்தின் பொறுப்பில் இருக்கிறது. பாகிஸ்தானின் தார் பாலைவனத்தில் கிடைப்பதும் இதே பழுப்பு நிலக்கரிதான். 2019 முதல் அதில் மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனால், அங்கு முதலில் சுரங்கம் தோண்டிய சிந்து எங்ரோ நிறுவனத்தில் பெரும்பங்கு சிந்து மாகாண அரசுடையது.

இரு நாட்டு அரசியலமைப்புக்கும் தாய் 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம். பிள்ளைகள்தான் வேறு வேறு திசையில் போய்விட்டன. நம் நாட்டில் சுரங்கம் மாநிலப் பட்டியலில் 23ஆவது இனம். ஆனால், பொதுநலன் கருதி நாடாளுமன்றம் அதைத் தன் கைக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது ஒன்றியப் பட்டியலின் 54ஆவது இனம். 1957ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் வந்தது அந்த வழியில்தான். ராயல்டி தமிழ்நாட்டுக்கு வருகிறது. விகிதத்தை டெல்லி வைக்கிறது.

பாகிஸ்தான் 2010இல் 18ஆவது திருத்தத்தின் மூலம் பொதுப்பட்டியலையே ஒழித்தது. எண்ணெய், எரிவாயுவில்கூட மாகாணத்துக்குச் சரிபாதி உரிமை தந்தது. செனட்டில் பஞ்சாபுக்கும் பலுசிஸ்தானுக்கும் சம இடங்கள். நம் மாநிலங்களவையில் உத்தரப்பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18.

ஏட்டளவில் அவர்களே முன்னே. ஆனால் 1958, 1977, 1999 என ராணுவம் ஆட்சியைப் பிடித்த நாட்டில் ஏட்டை மட்டும் பார்த்து மதிப்பெண் போட முடியாது. தமிழ்நாடோ, ஏட்டில் இல்லாததையும் பேரம் பேசி வாங்கியது. 2006இல் என்.எல்.சி. பங்கு விற்பனையை எதிர்த்துக் கூட்டணியை விட்டு விலகுவோம் என்று திமுக மிரட்ட, மன்மோகன் சிங் அரசு விற்பனையை நிறுத்திவைத்தது. 2013இல் ஜெயலலிதா அரசு வேறு வழி கண்டது: மாநிலப் பொதுத்துறை நிறுவனங்களே 3.56 சதவீதப் பங்கை சுமார் 358 கோடி ரூபாய்க்கு வாங்கின. கூட்டணிக் கணக்கு மாறினால் பேரம் பேசும் இந்தப் பலம் நிற்காது என்பதுதான் குறை.

சட்டப்படியான பிடி 2024 ஜூலையில்தான் கிடைத்தது. ராயல்டி என்பது வரி அல்ல, கனிம உரிமைக்கு மாநிலங்கள் வரி போடலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 8:1 எனத் தீர்ப்பளித்தது. 1989இல் இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில் தமிழ்நாடு தோற்ற தீர்ப்பு அதோடு விழுந்தது. 2024இலேயே தமிழ்நாடு சட்டமன்றம் கனிம நில வரிச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால், கனிம உரிமை வரிக்கு நாடாளுமன்றம் வரம்பு விதிக்கலாம் என்பதையும் உச்ச நீதிமன்றத்தின் அதே தீர்ப்பு சொல்கிறது.