உஷார்! கர்ப்பப்பையில் கிருமி, கடையில் வியாபாரி

மாதவிலக்கு நின்று ஒரு வருடம் தாண்டிய பிறகு உள்ளாடையில் ஒரு துளி ரத்தக் கறை பட்டாலும் மகளிர் மருத்துவரிடம் போங்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்பதெல்லாம் கூடாது, இந்த வாரமே போங்கள். "உடம்பு சூடு", "பப்பாளி சாப்பிட்டேன்", "நின்னது திரும்ப வந்துடுச்சு போல" என்று உங்களுக்கு நீங்களே வைத்தியம் பார்த்துக்கொள்ளாதீர்கள்.

விஷயத்துக்கு வருவதற்கு முன்பே இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 'கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கும் பாக்டீரியாவுக்கும் தொடர்பு' என்ற செய்தி பாதி காதில் விழுந்தாலே நம் கை மருந்துக் கடைப் பக்கம்தான் நீளும். கிருமி என்றால் கழுவ வேண்டும், கொல்ல வேண்டும் என்றுதானே பழக்கம்? அங்கேதான் ஆபத்து.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வேறு, கர்ப்பப்பையின் உட்சுவரில் வரும் புற்றுநோய் வேறு. வாயில் வருவதற்குக் காரணம் ஹெச்.பி.வி. வைரஸ். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, பாப் ஸ்மியர் பரிசோதனை இருக்கிறது. உட்சுவரில் வருவதற்கு அந்தத் தடுப்பூசி காவல் இல்லை. பாப் ஸ்மியரும் அதைப் பிடிப்பதற்கான சோதனை அல்ல. "போன வருஷம்தான் பாப் டெஸ்ட் எடுத்தேன், நார்மல்" என்று நிம்மதியாக இருக்கும் பெண்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2022-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 4 லட்சத்து 20 ஆயிரம் பெண்களுக்கு இந்த உட்சுவர்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது.

சரி, கிருமி எங்கே வந்தது? கர்ப்பப்பைக்குள் கிருமியே கிடையாது என்றுதான் நெடுங்காலம் பாடம் நடத்தினார்கள். 2016-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆராய்ச்சியாளர்கள், கர்ப்பப்பை அகற்றும் அறுவை சிகிச்சைக்கு வந்த 31 பெண்களிடம் மாதிரிகள் எடுத்தார்கள். 17 பேருக்குப் புற்றுநோய், 4 பேருக்கு அதற்கு முந்தைய நிலை, 10 பேருக்குச் சாதாரணப் பிரச்சினை. புற்றுநோய் இருந்தவர்களிடம் அட்டோபோபியம் வஜைனே என்ற பாக்டீரியாவும், போர்ஃபிரோமோனாஸ் இனத்து பாக்டீரியா ஒன்றும் சேர்ந்து தென்பட்டன. கூடவே, பிறப்புறுப்பின் அமிலத்தன்மை குறைந்து பி.ஹெச். அளவு 4.5-ஐத் தாண்டியிருந்தது. 2019-ல் அதே குழு இன்னும் அதிகப் பெண்களைச் சேர்த்துப் பார்த்தபோது, போர்ஃபிரோமோனாஸ் சோமரே என்று ஆளையே அடையாளம் காட்டியது. ஈறு நோயை உண்டாக்கும் கிருமிக்கு இது நெருங்கிய சொந்தம். ஆறாத புண்களிலும் எலும்புத் தொற்றிலும் முன்பே பிடிபட்ட பேர்வழி. அதே ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வில், அட்டோபோபியம், போர்ஃபிரோமோனாஸ் இரண்டையும் ஆய்வகத்தில் வளர்த்த கர்ப்பப்பைச் செல்களோடு விட்டபோது, செல்கள் அழற்சியைத் தூண்டும் ரசாயனங்களைச் சுரந்தன. ஓயாத அழற்சி புற்றுநோய்க்கு உரம் போடும் என்பது வயிற்றுப் புற்றுநோயில் நாம் ஏற்கெனவே பார்த்த கதை.

ஆனால் இவை திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த ஆய்வுகள் அல்ல. புற்றுநோய் வந்த திசுவில், ரத்தக் கசிவில், கிருமி பிறகு வந்து குடியேறியிருக்கலாம். மாதிரி எடுக்கும் கருவி பிறப்புறுப்பு வழியாகப் போகும்போது அங்குள்ளதையும் அள்ளிக்கொண்டு போயிருக்கலாம். கர்ப்பப்பைக்குள் இருக்கும் கிருமிகளின் எண்ணிக்கையே சொற்பம் என்பதால், கருவியிலோ ரசாயனத்திலோ ஒட்டியிருக்கும் தூசிகூட முடிவைப் புரட்டிப் போடும். இந்தத் துறை ஏற்கெனவே ஒருமுறை சூடு கண்டிருக்கிறது. முப்பதுக்கும் மேற்பட்ட புற்றுநோய்களில் தனித்தனிக் கிருமித் தடயம் கண்டதாக 2020-ல் 'நேச்சர்' இதழில் வந்த பிரபலமான கட்டுரை 2024-ல் திரும்பப் பெறப்பட்டது. மனித மரபணுத் துண்டுகளையே கிருமி என்று கணக்குப் போட்டிருந்தார்கள். இறால் வகைகளைத் தாக்கும் வைரஸ்கூட அந்தப் பட்டியலில் இருந்தது!

எனக்கு இதைவிட நம்பத்தகுந்ததாகத் தோன்றுவது குடல் வழிக் கதை. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் வேலை முடிந்ததும் கல்லீரல் அதில் ஒரு சர்க்கரை அமிலத்தை ஒட்டி, பித்தநீரில் கலந்து, மலத்தோடு வெளியேற அனுப்புகிறது. குடலில் உள்ள சில பாக்டீரியாக்களிடம் பீட்டா குளுக்குரோனிடேஸ் என்ற என்சைம் இருக்கிறது. அது ஒட்டியதைக் கத்தரித்துவிடும். விடுபட்ட ஈஸ்ட்ரோஜன் மறுபடி ரத்தத்துக்கு வந்துவிடும். இன்னொரு பக்கம், மாதவிலக்கு நின்ற பிறகும் உடம்பிலுள்ள கொழுப்பு ஈஸ்ட்ரோஜன் தயாரித்துக்கொண்டே இருக்கும். புரோஜெஸ்டிரோன் கட்டுப்பாடில்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் விடாமல் தூண்டினால் கர்ப்பப்பை உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். இதில் குடல் கிருமியின் பங்கு எவ்வளவு என்பதற்கு இன்னும் கணக்கு வரவில்லை. உடல் பருமன், சுகர், பிசிஓடி ஆகியவற்றின் பங்கு மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாதது.

இப்போது கடைக்கு வருவோம். பிறப்புறுப்பைக் காக்கும் நல்ல பாக்டீரியா லாக்டோபேசில்லஸ். அது லாக்டிக் அமிலம் சுரந்து பி.ஹெச். அளவை 3.8-க்கும் 4.5-க்கும் நடுவில் வைத்திருக்கிறது. மாதவிலக்கு நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அதற்குத் தீனி குறைகிறது, கூட்டமும் குறைகிறது. ஆகவே ஐம்பத்தைந்து வயதில் பி.ஹெச். ஐந்தைத் தாண்டுவது வயதோடு வருவது, அதுவே புற்றுநோய்க்கு அறிகுறி அல்ல. ஆனால் ரோஸ் நிறப் பாட்டிலில் 'பி.ஹெச். பேலன்ஸ்டு' என்று எழுதி விற்கும் வாஷ், வீட்டிலேயே பஞ்சில் துடைத்து அனுப்பும் 'மைக்ரோபயோம் கிட்', மாதக்கணக்கில் விழுங்கச் சொல்லும் புரோபயாடிக் கேப்ஸ்யூல், 'கர்ப்பப்பை டீடாக்ஸ்' என்று உள்ளே வைக்கச் சொல்லும் மூலிகை உருண்டை எல்லாம் இந்தப் பயத்தைத்தான் குறிவைக்கின்றன. இவற்றில் ஒன்றாவது உட்சுவர்ப் புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கு நிரூபணம் இல்லை. தண்ணீரோ வேறு திரவமோ பீய்ச்சி உட்புறத்தைக் கழுவினால் நல்ல பாக்டீரியாதான் முதலில் அடித்துக்கொண்டு போகும். அங்கே தயிர் தடவுவதும் வேண்டாம். தயிரில் இருப்பவை அந்த இடத்துக் குடிகள் அல்ல. வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும், உட்புறத்துக்கு எதுவுமே தேவையில்லை.

இதைவிடப் பெரிய நஷ்டம் காசல்ல, நாள். துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதலும் லேசான ரத்தக் கலப்பும் இருக்கும் அம்மா, 'இன்ஃபெக்‌ஷன்தான்' என்று வாஷ் வாங்கி இரண்டு மாதம் ஓட்டிவிடுவார். வெட்கத்தில் மகளிடம்கூடச் சொல்லமாட்டார். மாதவிலக்கு நின்ற பின் உட்சுவர்ப் புற்றுநோய் வந்த பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ரத்தப்போக்கு எச்சரிக்கையாக வந்திருக்கிறது. அப்படி ரத்தம் படும் நூறு பேரில் சுமார் ஒன்பது பேருக்குத்தான் புற்றுநோய் இருக்கும், மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுத்து குணப்படுத்திவிடலாம்.

போனால் என்ன செய்வார்கள்? பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் எடுத்து உட்சுவரின் தடிமனைப் பார்ப்பார்கள். 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. கூடுதலாக இருந்தால் ஸ்ட்ராவைவிட மெல்லிய குழாயை நுழைத்து ஒரு துணுக்கு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். சில நிமிட வேலை, மாதவிலக்கு வலி போல இழுத்துப் பிடிக்கும். மார்பகப் புற்றுநோய்க்காக டாமோக்சிஃபென் சாப்பிடுகிறவர்கள், குடும்பத்தில் இளவயதில் குடல் புற்றுநோயோ கர்ப்பப்பைப் புற்றுநோயோ வந்தவர்கள் அதை மருத்துவர் கேட்கும் வரை காத்திராமல் தாங்களே சொல்லிவிட வேண்டும். ஸ்கேனில் எல்லாம் சரி என்று வீட்டுக்கு அனுப்பிய பிறகு ரத்தம் மறுபடி எட்டிப் பார்த்தால், பழைய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு திரும்பப் போய் பயாப்ஸி வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.