வண்டிக்கு அடியில் – 11: கோணல் மேலே, கோளாறு கீழே

கடலூர் முதுநகரில் விடியற்காலையில் மீன் ஏற்ற வந்து நிற்கும் பிக்கப் வண்டிகளுக்குள் எட்டிப் பாருங்கள். பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய வண்டி என்றால், ஸ்டீயரிங் நேராக நிற்பது அபூர்வம். கடிகாரத்தில் 12-ஐக் காட்ட வேண்டியது 1-க்கோ 11-க்கோ சாய்ந்திருக்கும். ஓட்டுகிறவருக்கு அது பழகிவிடும்; கை தானாகவே கோணலாகப் பிடித்துக்கொள்ளும். வேறு ஆள் வண்டியை எடுக்கும் நாளில்தான் பேச்சு எழும்.

“என்னண்ணே, ஸ்டீயரிங் இப்படித் திரும்பி நிக்குது?”

“அது ஒண்ணும் இல்லப்பா. வீலைக் கழட்டி நேரா மாட்டிட்டா சரியாப் போயிடும்.”

இந்த வாரம் அந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை.

ஸ்டீயரிங் வீல் ஒரு தண்டின் தலையில் பல்லோடு பல்லாக உட்கார்ந்திருக்கிறது. நடு நட்டைத் தளர்த்தி, வீலைப் பிடுங்கி, இரண்டு பல் தள்ளி மாட்டினால் நேராகிவிடும். பத்து நிமிட வேலை. ஆனால் தண்டின் மறுமுனையில் இருக்கும் ஸ்டீயரிங் பாக்ஸுக்கு இந்தச் சமாதானம் தெரியாது. பழைய பிக்கப்களில் பெரும்பாலும் இருப்பது பால் நட் வகை பாக்ஸ். திருகுத் தண்டுக்கும் நட்டுக்கும் இடையே எஃகு குண்டுகள் உருளும். நட்டின் பற்கள் செக்டர் தண்டைத் திருப்பும். இந்தப் பற்கள் நடுவில் இறுக்கமாகவும், இரு பக்கமும் போகப் போகச் சற்றுத் தளர்வாகவும் கடிக்கும்படி செய்யப்பட்டவை. நேராக ஓடும்போது ஆட்டம் இருக்கக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

வீலை மட்டும் நேராக்கினால் என்ன ஆகும்? வண்டி நேராகப் போகும்; பாக்ஸ் நடுவை விட்டு விலகியே இருக்கும். தளர்வான இடத்திலேயே ஓடுவதால் ஆட்டம் தெரியும். ‘பாக்ஸ் தேஞ்சு போச்சு’ என்று மேலே இருக்கும் திருகை முடுக்குவார்கள். அப்போதைக்கு ஆட்டம் போய்விடும். ஆனால் வளைவில் திரும்பும்போது பாக்ஸ் தன் உண்மையான நடுவைக் கடக்குமே, அங்கே ஏற்கெனவே இறுக்கமான பற்கள் இப்போது கவ்விக்கொள்ளும். ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. கோணல் வெறும் அசௌகரியமாக இருந்தது; அதைத் திருத்தப் போய் ஆபத்தாக்கியாயிற்று. இன்னொன்று, ஒரு பக்கம் வண்டி நன்றாக ஒடியும், மறுபக்கம் ஒடியாது. சிதம்பரத்தில் சந்துக்குள் லோடு இறக்கப் போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சிதம்பரம் என்றதும் தேர் நினைவுக்கு வருகிறது. ஆனியிலும் மார்கழியிலும் ஐந்து தேர்கள் நான்கு வீதிகளையும் சுற்றும். தேருக்கு ஸ்டீயரிங் இல்லை, அச்சும் திரும்பாது. வீதி முனையில் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, வடத்தை இழுக்கும் திசையை மாற்றி, தரையை அரைத்துக்கொண்டுதான் திரும்பும். வேகமாக ஓடும் வண்டிக்கு அது ஆகாது. வளைவின் உட்பக்கச் சக்கரம் அதிகமாகவும் வெளிப்பக்கச் சக்கரம் குறைவாகவும் திரும்ப வேண்டும். குதிரை வண்டிக் காலத்திலேயே மூனிக் நகரத்து வண்டித் தச்சர் லாங்கென்ஷ்பெர்கர் இதற்கு வழி கண்டார். 1818-இல் லண்டனில் அதற்குக் காப்புரிமை வாங்கிய ருடால்ஃப் ஆக்கர்மன் பெயர்தான் நிலைத்தது. (யோசித்தவர் ஒருவர், பெயர் வாங்கியவர் ஒருவர் என்பது மோட்டார் உலகத்தில் புதிதல்ல.)

முன்பக்கம் ஒரே இரும்பு ஆக்ஸிலும் பட்டையும் (லீஃப் ஸ்பிரிங்) உள்ள பிக்கப்பில், இரண்டு சக்கரங்களையும் ஒன்றோடொன்று கட்டி வைப்பது டை ராடு. அந்த ஜோடியை, ஸ்டீயரிங் பாக்ஸின் செக்டர் தண்டில் மாட்டிய டிராப் ஆர்மோடு இணைப்பது டிராக் லிங்க். சக்கரங்கள் தங்களுக்குள் நேராக இருக்கின்றனவா என்பது டை ராடின் பொறுப்பு. அந்த ஜோடி பாக்ஸோடு ஒத்து நிற்கிறதா என்பது டிராக் லிங்கின் பொறுப்பு. அலைன்மென்ட் கடையில் டை ராடை மட்டும் திருகி, திரையில் எல்லாம் பச்சையாகிவிட்டது என்று அனுப்பிவிட்டால், டயர் தேயாது; ஸ்டீயரிங் மட்டும் முன்பைவிடக் கோணலாக நிற்கலாம். ஆகவே முதலில் டை ராடு, பிறகு டிராக் லிங்க். வரிசை மாறினால் செய்த வேலையை மறுபடி செய்ய வேண்டும்.

ஆனால் ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு கேள்வி: இத்தனை நாள் நேராக இருந்தது ஏன் கோணலாயிற்று? பள்ளத்தில் இறங்கி டிராக் லிங்க் வளைந்திருக்கலாம். பால் ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். நம் பக்கத்து வண்டிகளில் நான் முதலில் பார்க்கச் சொல்வது பட்டைக் கட்டின் சென்டர் போல்ட். பண்ருட்டிப் பலாவை அளவுக்கு மேல் ஏற்றி, யூ போல்ட்டும் தளர்ந்திருந்தால், சென்டர் போல்ட் அறுந்து ஆக்ஸில் பட்டையின் மேல் நகர்ந்துவிடும். பின் ஆக்ஸில் ஒரு பக்கம் நகர்ந்தாலும் போதும், வண்டி நண்டு மாதிரி ஒருக்களித்து ஓடும். அதை நேராகக் கொண்டுபோக முன் சக்கரத்தை எப்போதும் கொஞ்சம் திருப்பியே பிடிக்க வேண்டும். அந்த வண்டிக்கு டிராக் லிங்கைத் திருத்துவது வீண். இரு பக்கமும் முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவரை டேப் வைத்து அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அளவு சரியாக இருந்தால், டிராக் லிங்கை டிராப் ஆர்மிலிருந்து கழற்றுங்கள். ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகத் திருப்பி, சுற்றுகளை எண்ணி, பாதிக்குத் திரும்புங்கள். அதுதான் பாக்ஸின் நடு. கோடியில் முட்டி அடிக்க வேண்டாம், உள்ளே குண்டுகள் ஓடும் குழாய் கெடும். நடுவில் நிறுத்தியபோது வீல் நேராக இருந்தால், கோளாறு டிராக் லிங்கின் நீளத்தில். வீல் கோணலாக இருந்தால், முன்பே யாரோ அதைக் கழற்றிப் பல் தள்ளி மாட்டியிருக்கிறார்கள். வீலைக் கழற்ற அனுமதி இந்த ஒரு நிலையில்தான். ஏர்பேக் உள்ள புதிய வண்டியில் அதுவும் கிடையாது.

திருத்த வேண்டிய அளவு மிகச் சிறியது. பாக்ஸின் விகிதம் 20-க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். வீல் 30 டிகிரி சாய்ந்திருந்தால் டிராப் ஆர்ம் சாய்ந்திருப்பது ஒன்றரை டிகிரிதான். 15 செ.மீ. நீள ஆர்மின் நுனியில் அது சுமார் 4 மில்லிமீட்டர். டிராக் லிங்கின் ஸ்லீவில் ஒரு முனை வலப்புரி மரை, மறுமுனை இடப்புரி மரை என்பதால், ஸ்லீவைச் சுற்றினால் இரு முனையும் சேர்ந்து விலகும் அல்லது நெருங்கும். எந்தப் பக்கம் சுற்றுவது என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். லிங்கை மறுபடி மாட்டி, பாதிச் சுற்று சுற்றிப் பார்த்தால் வீலே சொல்லிவிடும்.

மீன் வண்டியாக இருந்தால் ஸ்லீவ் லேசில் அசையாது. ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர் மரையைத் தின்றிருக்கும். முந்தின இரவே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். கேஸ் வைத்துச் சூடாக்கினால் பால் ஜாயின்ட்டின் ரப்பர் போய்விடும். மரை அரித்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். 1929-இல் சென்னையில் வியாபார நிறுவனமாகத் தொடங்கிய ரானே குழுமம் இந்தச் சாமான்களைச் செய்கிறது. அதன் ஆலை ஒன்று பக்கத்துப் புதுச்சேரியிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் சிலர் போலிச் சாமானைத் தேடிப் போவது எனக்குப் புரியாத விஷயம். மாட்டி முடித்ததும் கிளாம்ப் போல்ட்டை இறுக்கி, புது ஸ்பிளிட் பின் போடுங்கள். பழைய பின்னை நிமிர்த்திப் போடுவது பத்து ரூபாய்க்கு உயிரைப் பணயம் வைப்பது.

ஓட்டிப் பார்க்க ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் பக்கம் நேர்ச்சாலை இருக்கிறது. காற்றை மறக்காதீர்கள். சிதம்பரம் நோக்கிப் போகும்போது கடல் இடப்பக்கம்; கடற்காற்று வண்டியை வலப்பக்கம் தள்ளும். திரும்பி வரும்போது இடப்பக்கம். போகும்போதும் வரும்போதும் வீல் வேறு வேறு பக்கம் சாய்ந்தால் அது காற்றின் வேலை. இரண்டு தடவையும் வலப்பக்கமே இம்மியளவு சாய்ந்தால், மழைநீர் வடிய இடப்பக்கம் தாழ்த்திப் போட்ட சாலையின் சாய்வு. தார்ச் சாலையில் அது மீட்டருக்கு 2 செ.மீ. அளவுக்கு இருக்கும். அதைத் திருத்த ஸ்லீவை மறுபடி தொடாதீர்கள்.

அடுத்த வாரம்: கிங் பின் தேய்மானம்.

(தொடரும்)