மோட்டாரைக் கீழிருந்து பிரியுங்கள்

பழைய அவுட்போர்டு மோட்டார் ஒன்று மலிவாக வருகிறது, 15 குதிரைத்திறன், இரட்டைச் சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். வாங்கி வீட்டிலேயே பிரித்துப் பூட்டி ஓட்ட முடியுமா என்று கேட்கிறார் ஒரு வாசகர். முடியும். ஆனால் கைபேசியில் கொட்டிக்கிடக்கும் காணொளிகளை நம்பி இறங்க வேண்டாம். எல்லாவற்றிலும் ஒரே கதைதான்: பாசி பிடித்த மோட்டார், புது ஸ்பார்க் பிளக், கார்புரேட்டருக்கு ஒரு குளியல், கயிற்றை நாலு இழுப்பு இழுத்ததும் குப்பென்று புகை, கைதட்டல். எரிபொருளும் தீப்பொறியும் கூடினால் எந்த எஞ்சினும் அரை நிமிடம் உறுமத்தான் செய்யும். பத்தாவது நிமிடத்தில் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. அதற்குள் காணொளி முடிந்துவிடுகிறது. கடலில் ஓடும் சிறிய மோட்டார் தேய்ந்து சாவதைவிட வெந்து சாவதே அதிகம். ஆகவே பிரிக்கும் வேலையை மேலே சிலிண்டர் ஹெட்டில் அல்ல, கீழே தண்ணீர் நுழையும் இடத்தில் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

மெக்கானிக்குகள் இதைச் சுலபத்தில் ஒப்ப மாட்டார்கள். முதலில் கம்ப்ரஷன் பார், இரண்டு சிலிண்டருக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் போர் போடு, அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கு என்பார்கள். அளவு பார்க்க வேண்டியதுதான், காசா பணமா? ஆனால் அந்தக் குறைவு நோயா, நோய் விட்டுப்போன தழும்பா? பிஸ்டன் அலுமினியம், அது ஏறி இறங்கும் உறை வார்ப்பிரும்பு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். தண்ணீர் வரத்து குறைந்தால் பிஸ்டன் உறையைவிட வேகமாகப் பருக்கிறது, இடையில் இருக்கும் எண்ணெய்ப் படலம் கிழிகிறது, உலோகம் உலோகத்தைக் கீறுகிறது. கம்ப்ரஷன் குறைந்தது அதன் பிறகு. காரணத்தைத் தொடாமல் லேத் பட்டறைக்குப் போய் உறையைக் குடைந்து, 0.25 அல்லது 0.5 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனைப் போட்டால் நிலைமை மோசமாகவே வாய்ப்புண்டு. தேய்ந்த பழைய பிஸ்டனுக்கு விரிய இடம் இருந்தது; புதியது இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. அதே சூடு வந்தால் புதியதுதான் முதலில் சிக்கும்.

வரலாறு கேட்பவர்களுக்காக நாலு வரி. நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கியில் பட்டறை வைத்திருந்த ஓலே எவின்ரூட், 1909-இல் 1.5 குதிரைத்திறன் மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். எடை சுமார் 28 கிலோ. காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்க ஏரியில் துடுப்பு போட்டுப் போனபோது அது உருகிவிட்டதாம், அதனால்தான் மோட்டார் பிறந்ததாம். விளம்பரத்துக்கு நல்ல கதை. அவருக்கு முன்பே கேமரன் வாட்டர்மேன் என்பவர் இத்தகைய மோட்டார்களை விற்றுக்கொண்டிருந்தார் என்பதைக் கதை சொல்பவர்கள் விட்டுவிடுவார்கள். எவின்ரூட் மோட்டார் உற்பத்தி 2020-இல் நின்றுபோனது.

சுவாரசியமான பொருள் வேறு இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ரப்பர்ச் சக்கரம், பெரும்பாலும் ஆறு இதழ், பெயர் இம்பெல்லர். புரொப்பல்லருக்கு இறங்கும் தண்டிலேயே கோத்திருப்பதால், கியர் போட்டாலும் போடாவிட்டாலும் எஞ்சின் வேகத்திலேயே சுற்றும். அது இருக்கும் வட்ட அறையின் நடுவில் தண்டு இல்லை, சற்று ஓரமாக இருக்கிறது, சூட்சுமமே அதுதான். ஆறு பேர் முதுகோடு முதுகு ஒட்டி, காலை நீட்டி, பாதம் சுவரில் படும்படி உட்கார்ந்து சுற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சுவர் விலகும் பக்கம் போகும்போது கால் நீள்கிறது, இருவருக்கு இடையிலான இடம் பெரிதாகிறது, கடல்நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. சுவர் நெருங்கும் பக்கம் வந்ததும் முழங்கால் மடங்குகிறது, இடம் சுருங்குகிறது, நீர் பிதுங்கி மேலே குழாயில் ஏறுகிறது. மெதுவாக ஓடும்போது இப்படி. நிமிடத்துக்கு 5,000 சுற்று என்று போனால், எதிர்க்கும் நீரே கால்களைப் பின்னால் தள்ளி மடக்கிவிடுகிறது. பாதம் சுவரில் உரசுவதில்லை. அப்போது நீர் பிதுக்கப்படுவதில்லை, வெளிநோக்கி வீசப்படுகிறது. ஒரே ரப்பர்த் துண்டு, இரண்டு வகைப் பம்பு, மாற்றுவதற்கு ஒரு சுவிட்சுகூடக் கிடையாது.

உவமையை விட மனமில்லை, இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். ஆறு மாதம் ஒரே நிலையில் உட்கார்ந்திருந்தால் மடங்கிய கால் மடங்கியபடியே பிடித்துக்கொள்ளும். ரப்பருக்கும் அதே கதி. எனவே ‘அதிகம் ஓடாத மோட்டார், வீட்டில் சும்மா கிடந்தது’ என்று விற்பவர் சொன்னால் அதை நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கால்களுக்குத் தைலமும் தண்ணீர்தான். உலர்ந்த நிலையில் ஸ்டாண்டில் மாட்டி ‘பாருங்கள், ஓடுகிறது’ என்று காட்டும் அந்த ஒரு நிமிடமே பாதங்களைப் பொசுக்கப் போதும். மீனவர்கள் இப்படியெல்லாம் பார்த்துக்கொண்டா இருக்கிறார்கள் என்று கேட்கலாம். தினமும் கடலுக்குப் போகும் மோட்டாரில் காலுக்கு மரத்துப்போக நேரம் ஏது? பக்கவாட்டில் பீய்ச்சும் நீர்த்தாரையைப் பார்த்துத் திருப்தியடைபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது பம்பு வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. பல மோட்டார்களில் அது கிளைக்குழாய். அதில் நீர் வந்துகொண்டிருக்கும்போதே சிலிண்டரைச் சுற்றியுள்ள வழி அடைபட்டிருக்கலாம்.

அடைப்பது யார்? ஒன்று உப்பு. கால்சியம் கார்பனேட், கால்சியம் சல்பேட் போன்றவை சர்க்கரைக்கு நேர்மாறு, சூடு ஏற ஏறக் கரைவது குறையும். வெந்நீர் போடும் பாத்திரத்தில் படியும் வெள்ளைக் காறைதான் இங்கும். கார் எஞ்சினை 90 டிகிரி அளவில் ஓடவிடும் பொறியாளர்கள், கடல்நீர் குடிக்கும் மோட்டாரின் தெர்மோஸ்டாட்டை 50, 60 டிகிரியில் திறக்கவைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.  இன்னொன்று ஒடிந்த ரப்பர்க் கால். பழைய இம்பெல்லரை எடுத்ததும் இதழ்களை எண்ணுங்கள். நாலுதான் இருக்கிறதென்றால் மற்ற இரண்டும் மேலே நீர்வழியில் எங்கோ மறித்துப் படுத்திருக்கின்றன. அவற்றைத் தேடாமல் புதிய இம்பெல்லர் மாட்டுவது வீண் செலவு. தேடப் போனால் போல்ட்டுகள் வழிமறிக்கும்: அலுமினியத்துக்குள் துருப்பிடிக்காத எஃகு, இடையில் உப்புநீர், ஆக ஒரு சின்ன பேட்டரி. கரைவது அலுமினியம். அதன் ஆக்சைடு உலோகத்தைவிட அதிக இடம் கேட்பதால் மரையை இறுக்கிப் பிடிக்கிறது. ஸ்பேனரில் பலம் காட்டினால் தலை முறியும். சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கினால் அது எஃகைவிட அதிகம் விரிந்து பிடி தளரும்.

வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. கார்புரேட்டர் வைத்த பழைய டூ-ஸ்ட்ரோக், குடிக்கும் பெட்ரோலில் கால் பங்கு வரை எரிக்காமலே வெளியே தள்ளக்கூடியது. அதற்கு உயிர் கொடுப்பதே தவறல்லவா? புதுக் கலவை உள்ளே வரும்போது புகைவாயிலும் திறந்தே இருப்பது அதன் பிறவிக் குணம். எத்தனை முறை பிரித்துப் பூட்டினாலும் மாறாது. ‘புதுப்பித்தால் சுற்றுச்சூழலுக்கு நல்லது’ என்ற பிரசாரத்தில் இந்தக் கணக்கைச் சேர்ப்பதில்லை. அன்றாடம் பல மணி நேரம் ஓட்டப்போகிறவர் ஃபோர்-ஸ்ட்ரோக் பக்கம் போவதே மேல். எப்போதாவது காயலில் ஓட்டப்போகிறவருக்கு, இருக்கிற மோட்டாரைச் சரியாகக் குளிரவைப்பது போதும் என்றே கருதுகிறேன்.

சரி, குளிர்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நீர் உறிஞ்சும் துளைகள் நன்றாக மூழ்கும்படி பீப்பாயில் நிறுத்தி ஓடவிட்டு, அகச்சிவப்பு வெப்பமானியால் பாருங்கள். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நீட்டினார்களே, அது உதவாது. காய்ச்சல் எல்லையைத் தாண்டியதை அது காட்டாது. பட்டறைகளில் புழங்கும் வகை வேண்டும். அதையும் மினுக்கும் அலுமினியத்தில் நீட்டினால் ஏமாற்றும், ஏனென்றால் பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் குறைவாகவே கதிர்வீசும். ஹெட்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நேராகக் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் பாருங்கள். மேல் சிலிண்டரைக் கூடுதலாகக் கவனியுங்கள், தண்ணீர் போதாதபோது முதலில் காய்வது பெரும்பாலும் அதுதான். பீப்பாயில் கால் மணி நேரம், பிறகு படகில் பாரத்தோடு ஒரு கால் மணி நேரம். இரண்டிலும் இரு துண்டுகளும் ஒன்றுபோல் 60 டிகிரியை ஒட்டி நின்றால், போர் போடுவதா வேண்டாமா என்று பேச லேத் பட்டறைக்குப் போகலாம்.